வாஷ்பேசின் குழாய் மாற்றிய ஞாயிறு

கூடுவாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், பாத்ரூம் வாஷ்பேசின் குழாய் இரண்டு மாதமாக ஒழுகியது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். கேட்கும்போதெல்லாம் "ஆள் வருவான்பா" என்பார். ஆள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜிஎஸ்டி ரோட்டுக் கடையில் புதுக் குழாய் வாங்கி வந்து, நானே மாற்ற உட்கார்ந்தேன்.

பேசினுக்கு அடியில் இருந்த வால்வு உப்புப் பூத்து இறுகியிருந்தது. எவ்வளவு திருகியும் தண்ணீர் நிற்கவில்லை. மொட்டைமாடித் தொட்டியில்தான் அடைக்க வேண்டும். மேலே போய்க் கேட்டேன். வீட்டுக்காரரே அடைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க என்னோடு இறங்கி வந்தார்.

மல்லாந்து படுத்து, தலையைப் பேசினுக்கு அடியில் நுழைத்தேன். பழைய குழாயைப் பிடித்திருந்த நட்டு துருவேறி அசைய மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, ஸ்பேனர் நழுவி விரல் முட்டி கிழிந்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சுழன்றது. புதுக் குழாயைப் பொருத்தி, மரையில் வெள்ளை டேப் சுற்றி, பைப்பை முடுக்கினேன். அவர் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தார். ஒரு சொட்டு கசியவில்லை.

"பரவால்லியே! கம்ப்யூட்டர் தட்டுற கைன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான். எங்க வூட்டு கிச்சன்லயும் ஒழுகிகினு கீது. வந்து பாரேன்" என்றார்.

"இப்பவே வரேன் சார்."

"ஆமா, உனுக்கு எந்த ஊரு? கேக்கவே இல்ல பாரு."

"செய்யூர் சார்."

"அட, என் மச்சினன் வூடு அங்கதான் கீது. எந்தத் தெரு?"

எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாலே அந்த வட்டாரத்தில் எவருக்கும் எங்கள் சாதி தெரிந்துவிடும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்த தெரு. பாராட்டு கேட்ட சந்தோஷத்தில் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

அவர் முகம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. நான் ஸ்பேனரோடு எழுந்ததும், "இருக்கட்டும்பா, அப்பால பாத்துக்கலாம்" என்று படியேறிவிட்டார். மறுநாள் சாயங்காலம் ஒரு பிளம்பர் பையோடு மாடிக்குப் போனார். இரண்டு மாதமாக வராத ஆள்.

அந்த வாரமே, "என் பொண்ணு குடித்தனம் வருது. ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடு" என்றார். அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் வீடு வாங்கிவிட்டதைக் கொஞ்ச நாள் முன்புதான் அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். "சரி சார்" என்றேன். இன்றும் நினைத்தால் வாய் கசக்கிறது.

"செய்யூரோட நிறுத்தியிருக்கக் கூடாதா? தெருவ எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லணுமா?" என்று அவளிடம்தான் கத்தினேன்.

அடுத்த மாதம் பொத்தேரியில் ஒரு வீடு பிடித்திருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டம்மா கேட்டார், "சொந்த ஊரு எதுப்பா?"

"திண்டிவனம்மா. டவுன்லயே" என்றேன்.

"இல்லப்பா, நம்ம ஊரு..." என்று ஆரம்பித்தாள் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். மனைவி அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

வீடு கிடைத்துவிட்டது. திரும்பும்போது ஆட்டோவில் மகள் கேட்டாள், "ஏம்ப்பா ஊர மாத்திச் சொன்ன?"