கண்ணுக்கு மலர் உண்டு, கழுத்துக்கு?

விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர், 'கரண்ட் போச்சா?' என்று கேட்டால் என்ன நினைப்பீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை காலை, அம்மையார்குப்பத்தில் என் அக்காவின் வீட்டுக்காரர் இப்படித்தான் கேட்டிருக்கிறார். நாங்கள் அவரைப் பாவா என்போம். கொட்டகையில் எல்லாத் தறிகளும் தடதடக்கின்றன. ஆனால் பாவாவின் வலது கண்ணில் மேலிருந்து கீழே ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி இருட்டு. இடது கண்ணை மூடிப் பார்த்தால் சுத்தமாக ஒன்றுமில்லை. வலியும் இல்லை.

நேற்று அடித்தது இன்னும் இறங்கவில்லையா என்று பக்கத்துத் தறிக்காரர் கேலி செய்தாராம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பார்வை தானாகத் திரும்பிவிட்டது. உடனே பாவா என்ன செய்தார்? அறுந்த இழையை முடிந்துவிட்டு, தறியை ஓட்டினார்!

அக்கா போன் செய்து அழுததால்தான் விஷயமே எனக்குத் தெரியும். அன்றைக்கே இருவரையும் திருத்தணிக்கு வரவழைத்து, கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா பொறுமையாகப் பார்த்தார். கண் நன்றாக இருக்கிறது, சந்தேகம் கழுத்தில்தான் என்றார். கழுத்து வழியாக மேலே போகும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கலாம்... அதிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கு, கண்ணுக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் அடைத்திருக்கலாம். அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தை ஸ்கேன் எடுங்கள் என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. பாவாவுக்குப் புரிந்ததோ முதல் வரி மட்டும்.

"கண்ணு நல்லா கீதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க மச்சான். கண்ணுக்கு வந்ததுக்குக் கழுத்த எதுக்குப் படம் புடிக்கணும்? நாளைக்கு முட்டி வலிச்சா மூக்கப் புடிப்பாங்களா?"

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் இருந்தால் எனக்குக் குரல் எழும்பாது. அது பாவாவுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து வேண்டுதல். கண் இருண்ட அந்த நேரத்தில், மொட்டை போட்டு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக முருகனிடம் சொல்லிவிட்டாராம். கண்ணைத் திருப்பிக் கொடுத்தவனைப் பார்க்காமல் ரயில் ஏற மாட்டாராம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மொட்டை போட்டு, வரிசையில் நின்று, கீழே இறங்கினால் பொழுது போய்விடும். நானும் முருகனைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் அவன் எங்கே போய்விடப் போகிறான்? மலை மேலேதானே இருக்கிறான்!

பேசிப் பயனில்லை. மலையடிவாரத்துப் பூஜைக் கடைக்குப் போனோம். கண், கை, கால் என்று வெள்ளித் தகடுகள் வரிசையாகத் தொங்கின. பாவா கண்மலரைத் தட்டிப் பார்த்து வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். எரிச்சலில் கேட்டதுதான்.

அவர் சிரித்துக்கொண்டே, "கழுத்துக்கா? எங்கிட்ட மஞ்சக் கயிறுதாங்க கீது" என்றார்.

பாவாவும் சிரித்தார். அதுவரை வாயே திறக்காமல் நின்ற அக்கா சிரிக்கவில்லை.

"அந்தக் கயிறு எங்கிட்டயும் ஒண்ணு கீது. அது என் கழுத்துல இருக்கணும்னா ஸ்டேஷனுக்கு நடங்க. இல்லன்னா நீங்க மலைக்குப் போங்க, நான் அம்மையார்குப்பம் பஸ் புடிக்கிறேன். கை கால் விழுந்து வந்தீங்கன்னா, தூக்கிப் போட உங்க கண்மலரக் கூப்பிட்டுக்கங்க."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பாவா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். கண்மலரை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, அக்கா பின்னாலேயே ஓடினார்.

சென்னையில் எடுத்த ஸ்கேனில் வலது பக்கக் குழாய் பெரும்பகுதி அடைத்திருந்தது. அன்றைக்கே அட்மிட். மருந்து ஓடுகிறது, இந்த வாரம் ஆபரேஷன். வந்தது நல்ல நேரம் என்றார்கள். இதில் நேரம் என்ன செய்தது? எல்லாம் அக்காவின் வாய்!

நேற்று பார்க்கப் போனேன். பாவா பக்கத்துக் கட்டில்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்: "கண்ணு இருட்டிச்சுன்னா கழுத்தப் பாக்கணும்ங்க. நம்ம ஜனங்களுக்கு எங்க தெரியுது..."

போய்த் திரும்பி வந்த பார்வையை நம்பாதீர்கள். எங்கள் பாவாவை அதைவிட நம்பாதீர்கள்!