மூன்றாவது நிமிடத்தில் முந்தியது யார்?

“எடிட்டிங் எல்லாம் அப்புறம். யார் முந்துனாங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க. அந்த ஆளை க்வயர்லேருந்து தூக்கணும்.”

அல்சூரில் நான் சவுண்ட் என்ஜினியராக இருந்த ஸ்டுடியோவுக்குள் ஜெயராஜ் மாஸ்டர் இப்படித்தான் நுழைந்தார். ஒரு சர்ச்சின் நாற்பது பேர் பாடகர் குழுவை நடத்துபவர். முந்தின நாள்தான் அந்தச் சர்ச்சில் முந்நூறு வருஷம் பழைய லத்தீன் ஆராதனைப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்திருந்தோம். மூன்றாவது நிமிடத்தில், கீழ்க்குரல் பாடும் பேஸ் வரிசை தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் ஒரு ஆண் குரல் குதித்துவிட்டது. திரும்பப் பாடவும் வழியில்லை; உச்சக்குரலான சொப்ரானோ பாடிய இருவர் விமானம் ஏறிவிட்டார்கள்.

“அருளாத்தான் இருக்கும்” என்றார் மாஸ்டர். அருள் பேஸ் பாடுபவர், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர்.

அதுவரை நான் பதிவு செய்தவை ஐயப்பன் பாட்டும் ஊறுகாய் விளம்பரமும். பரோக் இசை என்றார்கள். எனக்கு அது அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங் மாதிரி கேட்டது. யாரும் யாரையும் முடிக்க விடவில்லை. மீட்டிங்கிலாவது டீ உண்டு.

மத்தியானம் அருளே போன் செய்தார். “அண்ணே, நாளெல்லாம் மெஷின் சத்தத்துல நின்னு எனக்குக் காது போச்சுங்கறாங்க. ஒம்பது வருஷமா பாடறேன். வாரத்துல எனக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு மணி நேரந்தான். நல்லா கேட்டுச் சொல்லுங்கண்ணே.”

ஹெட்போனை மாட்டினேன். இரண்டே மைக்கில் பதிவானது. ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. காதால்தான் துரத்த வேண்டும். முதலில் சொப்ரானோவை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு ஆல்ட்டோ, டெனர். பத்துப் பன்னிரண்டு தடவை ஆன பிறகுதான் புரிந்தது, யாரும் கத்தவில்லை. ஒரு வரிசை பாடிய மெட்டை அடுத்த வரிசை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் முதல் வரிசை அதற்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. கடைசியில் கீழே பேஸ் வந்து சேர்ந்தபோது என் கை மவுஸை விட்டுவிட்டது. எதைத் தேடுகிறேன் என்பதே மறந்து முழுப் பாட்டையும் கேட்டேன்.

திரும்பத் தேடியபோது திருடன் சிக்கினான். மற்ற குரல்கள் எல்லாம் சர்ச்சின் எதிரொலியோடு தூரத்திலிருந்து வந்தன. முந்திய குரல் மட்டும் வறட்டுக் குரல், நட்டநடுவில், மைக்குக்குப் பக்கத்தில். பேஸ் வரிசை நின்றதோ வலது கோடியில்.

மறுநாள் மாஸ்டருக்கு அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன்.

“யாருப்பா இது, சுருதியே இல்லாம?”

“நீங்கதான் சார். மைக் உங்க தலைக்கு மேலதான் இருந்துச்சு.”

நம்பவில்லை. ரிகர்சல் பதிவைப் போட்டேன். அதே இடம், அதே குரல். அந்த இடத்தில் பேஸ் வரிசைக்குக் கை காட்டும்போதே வாயாலும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரிகர்சல் பதிவிலிருந்து வெட்டி ஒட்டுப்போடவும் வழியில்லாமல் போனது.

மாஸ்டர் அருளுக்குப் போன் போட்டார். “ஞாயித்துக்கிழமை பிராக்டிஸுக்கு வந்துருப்பா. உன் மேல தப்பில்ல.”

“அப்ப யாரு சார்?” என்று போனில் அருள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

மாஸ்டர் என்னை முறைத்தார். “நாந்தான்.”

சி.டி. அந்தக் குரலோடேதான் வெளிவந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் இந்த மாதிரி இசையை எப்படிக் கேட்பது என்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: கண்ணை மூடி உருக வேண்டாம். நாற்பது பேரில் யாராவது ஒருவர் மேல் சந்தேகப்பட்டு, அவர் பின்னாலேயே கடைசி வரை போங்கள்.