இசக்கிமுத்து அண்ணாச்சியின் கடைசி லாகின்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் தட்டிலிருக்கும் சமோசாவை எடுத்துக்கொண்டு எழுந்துபோகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், செத்துப்போன இசக்கிமுத்து அண்ணாச்சி தினமும் தவறாமல் வேலைக்கு வருகிறார் என்று கிட்டத்தட்ட ஒரு வாரம் நம்பினேன். சிரியுங்கள், பரவாயில்லை. என் மனைவியும் சிரித்தாள்.

எங்களுடையது தோல்பை கம்பெனி. மும்பையில் ஆபீஸ் செம்பூரில், பட்டறை தாராவியில். யார் உள்ளே வரலாம் என்று எல்லார் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்திருக்கிற சர்வருக்கு நான் காவல்காரன். பாஸ்வேர்ட் மூன்று மாதத்தில் காலாவதியாகும். மாற்ற மறந்தவர்களை, போனால் போகிறது என்று, பழைய பாஸ்வேர்டிலேயே இன்னும் ஐந்து தடவை உள்ளே விடும். கிரேஸ் லாகின் என்று பெயர். ஐந்தும் தீர்ந்தால் கதவைச் சாத்திவிடும்.

அண்ணாச்சி பட்டறையில் மெஷினில் லேபிள் அடித்தவர். மூன்று மாதம் முன்னால் மாரடைப்பில் போனார். அவர் கணக்கை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை சர்வர் சொல்கிறது: இசக்கிமுத்து உள்ளே வந்தார், மீதி நான்கு. செவ்வாய், மீதி மூன்று. இரண்டு நாளும் காலையில், அவர் அரை கிளாஸ் கட்டிங் சாயை முடித்துவிட்டு வந்து உட்காருகிற அதே நேரம். திருடன் என்றால் ஒரு தடவையாவது தப்பாக அடிப்பான். இது எடுத்த எடுப்பிலேயே சரியான பாஸ்வேர்ட்.

புதன்கிழமை, மீதி இரண்டு. நம்பினால் நம்புங்கள், சர்வருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். விற்கிறவன் சனிக்கிழமைதான் வருவான் என்பதால் நானே கோத்தேன். கோத்த கையோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டு சர்வர் முன்னால் நின்று அழுதேன்.

கணக்குப் பிரிவு காசிம் பாய் எட்டிப் பார்த்தார். "செத்தவரே நேரத்துக்கு வாராரு. உமக்கு என்னவே கேடு, தெனமும் லேட்டு? அவரு சீட்டுல இப்ப யாரு இருக்கான்னு போய்ப் பாரும்."

வியாழன், மீதி ஒன்று. முட்டிவலியோடு பஸ் ஏறித் தாராவிக்குப் போனேன். அண்ணாச்சி சீட்டில் அவர் மனைவி பேச்சி மதினி இருந்தார்.

"வாங்க தம்பி. மூஞ்சி என்ன, பேயடிச்ச மாதிரி இருக்கு?"

"கிட்டத்தட்ட அதான் மதினி. அண்ணாச்சி பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன எழவு தெரியும்? வருதேன், சுவிட்சைப் போடுதேன், ஊதுபத்தி பொருத்துதேன். அது பாட்டுக்கு அடிக்கி."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அண்ணாச்சி என்றோ தன் பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷினுக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டதும் மெஷின்தான் அவர் பெயரில் உள்ளே வருகிறது; வந்தால்தான் லேபிள் அடிக்கும். விழுந்து விழுந்து சிரித்தேன். மதினி ஊதுபத்தி சொருகியிருந்த இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது கீபோர்டு மாட்டுகிற ஓட்டை. மூன்று மாதச் சாம்பல் உள்ளே கெட்டிதட்டிப் போயிருந்தது. இனி அந்த மெஷினில் புது பாஸ்வேர்ட் போட வழியே இல்லை. பழையதைச் சர்வர் ஏற்காவிட்டால் காயலான் கடைதான்.

"இந்த மெஷின் ஓடுற வரைக்கும் நீ இருன்னு மொதலாளி சேட் சொல்லிருக்காரு தம்பி. புதுசு வந்தா படிச்ச ஆளு வருமாம்."

"நான் ஆபீஸ் போய்க் கெடுவை நீட்டிவிடுறேன். அதுவரைக்கும் அணைச்சிராதீங்க மதினி." சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டு வந்தது. மெஷின் முனகிக்கொண்டே எழுந்தது. கடைசி கிரேஸும் போச்சு.

திரும்ப பஸ், திரும்ப முட்டிவலி. ஆபீசில் அவர் கணக்கைத் திறந்தேன். பழைய பாஸ்வேர்டே இல்லை. அந்தக் கடைசி லாகினில் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் இசக்கிமுத்து. இடம் லேபிள் மெஷின். புதுக் கெடு மூன்று மாதம்.

அந்த மெஷினில் இருப்பது பேப்பர் தள்ளுகிற ஒரே பொத்தான். நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. தானாக மாற்றிக்கொள்ளுமா என்று மெஷினை விற்றவனைக் கேட்டேன். "அதுக்கு அவ்வளவு திமாக், மூளை கிடையாது சார்" என்றான். மறுநாள் காலையும் மதினி சுவிட்சைப் போட்டார், லேபிள் வந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் கெடு முடிந்தது. நீட்டுவதற்குத் தயாராக மவுஸ் மேல் கையை வைத்துக்கொண்டு, கிரேஸ் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி லாகினில் பாஸ்வேர்ட் மாறியது. நான் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை.