அஞ்சுகிராமத்திலிருந்து உரக்கிடங்குக்கு: ஒரு பொய்யைத் திருத்தப் போன வழி

ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை நான் ஓர் உரக்கிடங்குக்குப் போய் வந்தேன். கோயில், கடற்கரை, அணைக்கட்டு என்று இங்கே எழுதிக்கொண்டிருந்தவள் குப்பை பார்க்க எதற்குப் போனாள் என்று கேட்பீர்கள். காரணம் இந்த இணையப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் பேத்திக்குப் பெயரிட்ட விழாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்வந்து ஒரு குறிப்பு எழுதினேன். அதில், "சம்பந்தி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறம், வாயில் வைக்க முடியாது" என்று ஒரு வரி உண்டு. அது பொய்.

ஏன் எழுதினேன் என்றால், அன்று சம்பந்தி பகவதி என்னை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த தாய்க்கு இரண்டாம் பந்தி. பால் பிரதமன் என்கிற பாயசம் தீர்ந்துபோய் இலையில் ஒரு பழம் மட்டும் வைத்தார்கள். அதுவும் காய்வெட்டு, சரியாகப் பழுக்காதது. வீட்டுக்கு வந்து மனது ஆறாமல் கிணற்றின் மேல் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து நானும் பகவதியும் பேச்சு இல்லை.

அந்த வீடு ஆரல்வாய்மொழிக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் தனியார் ஒருவர் இலைதழைக் கிடங்கு தொடங்கினார். தென்னை ஓலை, வாழைத்தண்டு, வெட்டிய மரக்கிளை, சந்தையில் மிஞ்சும் பூ எல்லாம் லாரியில் வந்து இறங்கும். பாதியை அரைத்து உரம் ஆக்குவார்கள், பாதியைப் பள்ளத்தில் கொட்டி மண் போட்டு மூடுவார்கள். இந்த வருடம் வைகாசி மழை பெய்து ஓய்ந்ததும் கிணற்றுத் தண்ணீர் உண்மையாகவே கட்டன் சாயா நிறமானது. என் மகள் கோமதி மனு கொடுத்தாள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக நாளும் குறித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோமதி போன் செய்தாள். "அம்மா, கெடங்குக்காரங்க பதில் குடுத்திருக்காவ. நீ எழுதினத அச்செடுத்துச் சேத்து வச்சிருக்காவ. கெடங்கு வாறதுக்கு ரெண்டு வருசம் முந்தியே தண்ணி இப்பிடித்தான் இருந்துதாம். நீதான் சாட்சியாம்." அதோடு, "பிள்ளைக்கு மறுபடியும் வயித்தாலப் போகு" என்றாள். போனை வைத்துவிட்டாள். ஏசியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்தில் ஒரு திருத்தம் போட்டால் போதாதா என்றான் மகன். போதாது. நாற்பது பேர் படிக்கிற பக்கம் இது. அதைப் படித்த ஒருத்தி அந்தக் கிடங்கு மேற்பார்வையாளரின் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது. பொய் அவ்வளவு தூரம் போயிருக்கிறது, நானும் அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும்.

அஞ்சுகிராமத்தில் காலை 6.40க்கு நாகர்கோவில் பேருந்து. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதகர் கேட்பார். அண்ணா பேருந்து நிலையத்தில் 7.30க்கு இறங்கினேன். சாயா பன்னிரண்டு ரூபாய், ஒரு பழம்பொரி பத்து ரூபாய். எண்ணெய் பழையது, வாங்காதீர்கள். 7.50க்கு ஆரல்வாய்மொழி பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. தோவாளை தாண்டும்போது பிச்சிப்பூ வாசனை உள்ளே வந்தது. வேறு நாளென்றால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பேன். அன்று அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து மரியாதையாகத் திரும்பிக்கொண்டாள்.

ஆரல்வாய்மொழியில் 8.35க்கு இறங்கினேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. காற்றாலைகள் எல்லாம் ஓட்டத்தில் இருந்தன. குடையை விரித்தேன், கம்பி மடங்கிப் போயிற்று. ஆடி மாதத்தில் அங்கே குடை கொண்டு போகாதீர்கள். அங்கிருந்து கிடங்குக்கு நான்கு கிலோமீட்டர், பேருந்து இல்லை. ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார், நூறுக்கு வந்தார்.

வழியில் அவரே பேச்சைத் தொடங்கினார். "ஆச்சி, கெடங்குக்கா? இன்னைக்கு ஆபீசர்மாரு வாறாவ. என்ன செய்ய, ஒண்ணும் நடக்காது. அந்தக் கெணறு பண்டே கலங்கல்தானாம். யாரோ நெட்டுல எழுதியிருக்காவளாம்."

"எழுதினவ இப்ப எங்க இருக்கா தெரியுமா மக்கா?"

"எங்க?"

"உனக்க ஆட்டோவுல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இறக்கிவிட்டு, திரும்பும்போது கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். மகள் வீட்டுக்குள் போகவில்லை. கிடங்கு வாசலில் வெட்டிய மரத்துண்டு ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்தேன். கோமதி வந்து உள்ளே கூப்பிட்டாள். வேலை முடியட்டும் என்றேன். அவள் இடுப்பில் இருந்த பேத்தி வாடிப்போய் என்னிடம் தாவாமல் தாயின் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். வாரத்துக்கு நான்கு கேன் தண்ணீர் வாங்குகிறார்களாம். அது குடிக்க மட்டும். பல் தேய்ப்பதும் குளிப்பதும் அந்தக் கிணற்றில்தான்.

ஆய்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பத்தேகாலுக்கு ஒரு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். பெரிய அதிகாரி ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முதலில் உரக் குவியல்களைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு நீளம். ஆள் உயரக் கம்பி ஒன்றைக் குவியலுக்குள் குத்தி நிறுத்தி, அதன் தலையில் இருக்கும் வட்ட முள்ளைப் பார்த்துச் சூட்டை எழுதினார்கள். ஏழு குவியலில் ஆறு நன்றாக வெந்துகொண்டிருந்தன. ஒன்று புரட்டாமல் கிடந்து நாறியது. நானே மூக்கால் சொல்லியிருப்பேன்.

பிறகுதான் எல்லோரும் பயந்த இடம். பழைய பள்ளத்துக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கழிவைப் புதைத்திருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. எந்திரத்தை வரவழைத்து மூன்று இடத்தில் தோண்டச் சொன்னார் அந்த அதிகாரி. ஓலை, தேங்காய் உரித்த தொண்டு, கறுத்துப்போன வாழைத்தண்டு, பூ கட்டி வந்த சாக்கு, கொஞ்சம் பாலித்தீன். மூன்று குழியிலும் அதுதான். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது குழியை எட்டிப் பார்த்த பிறகுதான் விட்டாள். விரல் நான்கும் என் தோலில் பதிந்திருந்தன.

குவியலிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டி இருக்கிறது. அதில் கிணற்றுப் பக்கத்துச் சுவர் அடிவரை வெடித்திருந்தது. நாடா பிடித்து அளந்தார்கள். தொட்டியிலிருந்து கிணறு முப்பத்தெட்டு மீட்டர். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் மேற்பார்வையாளர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். தொட்டி வெடித்தது உண்மைதான், சரி செய்துவிடுவோம், ஆனால் கிணறு கெட்டது எங்களால் இல்லை என்று சொல்லி அதிகாரியிடம் நீட்டினார். என் எழுத்து. மேலே என் போட்டோவும் இருந்தது.

நான் எழுந்து போனேன். "அத எழுதினது நான்தான் மக்கா. பொய்யாக்கும்."

அதிகாரி தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்குப் பொய் எழுதுனீங்க?"

"பிரதமன் கெடைக்கல."

கூட வந்த உதவியாளர் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. இரண்டாம் பந்தி, பழம், கோபம் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். அந்த மேற்பார்வையாளரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "அன்னைக்குச் சம்பந்தி மேல உள்ள கோவத்துல பொய் சொன்னாவ. இன்னைக்கு மக மேல உள்ள பாசத்துல சொல்ல மாட்டாவன்னு என்ன நிச்சயம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஒரு பொய் எழுதினவள் பேச்சை அடுத்த தடவை யார் எடுப்பார்கள்? மறுபடி போய் அந்த மரத்துண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "வீடியோ இருக்கு."

பகவதி. ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். "அவ்வோ எழுதினது பேரு வச்ச அன்னைக்க கதை. அன்னைக்கு முழுக்க வீடியோ எடுத்திருக்கு. கெணத்தடியும் அதுல உண்டு."

கோமதி ஓடிப் போய் மருமகனின் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, வெயில் படாமல் பகவதி முந்தானையை மேலே பிடித்துக்கொண்டாள். காற்று அதை இழுத்தது, நான் மறு முனையைப் பிடித்தேன். படத்தில் பெண்கள் கிணற்றடியில் வாழையிலை கழுவுகிறார்கள். ஒருத்தி வாளியிலிருந்து வெள்ளைப் பீங்கான் சட்டியில் தண்ணீர் ஊற்றுகிறாள். தண்ணீருக்குள்ளே சட்டியின் அடியில் வரைந்த நீலப் பூ தெளிவாகத் தெரிகிறது. அதிகாரி அந்த இடத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டி, மறுபடியும் நிறுத்தினார். மூலையில் தேதி இருந்தது. என் குறிப்பில் இருக்கும் அதே தேதி.

அடுத்த காட்சி தானாக ஓடியது. பந்தி போடும் நேரம். பகவதி என் அருகில் வந்து தோளைத் தொட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். நான் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே, திரும்பாமல், இதோ வருகிறேன் என்கிற மாதிரி கையைக் காட்டுகிறேன். அது எனக்கு ஞாபகமே இல்லை. மகள் கல்யாணத்தில் வைத்த கறி பதினொன்றையும் வரிசையாகச் சொல்வேன், இது இல்லை. நான் பார்த்ததைப் பகவதியும் பார்த்தாள். ஆனாலும் இரண்டாவது தடவை வந்து கூப்பிட்டிருக்கலாம். அதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து வேலை அதுதான், மற்றதெல்லாம் நான் பேச இந்தப் போன் எழுதுகிறது. பிறகு கிணற்றில் கயிறு கட்டிப் புட்டி இறக்கி நான்கு புட்டி தண்ணீர் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். தொட்டியைச் சரி செய்யும்வரை புதிய லோடு இறக்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் குவியல்களை மாற்ற வேண்டும், அதுவரை வீட்டுக்குக் கிடங்கே தண்ணீர் லாரி அனுப்ப வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு 1.40க்குக் கிளம்பினார்கள். பழைய குறிப்பை அழிக்கட்டுமா என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். வேண்டாம், கோப்பில் சேர்ந்துவிட்டது, அதற்கு மேலேயே பொய் என்று எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டேன். போய்ப் பாருங்கள்.

இப்படி ஓர் ஆய்வுக்கு நீங்கள் போக நேர்ந்தால் சிலது கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய செருப்பு போடுங்கள், குவியல் ஓரத்தில் கண்ணாடி கிடக்கும். வாயை மூட ஒரு துண்டு வேண்டும். வீட்டில் விசேஷ வீடியோ இருந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், கிணறும் வாய்க்காலும் எதிலாவது விழுந்திருக்கும். அதிகாரி எழுதுவதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே விற்கும் உரம் நல்ல உரம், நாற்பது கிலோ மூட்டை முந்நூறு ரூபாய், கிடங்கின் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்காக அதை மறைக்க மாட்டேன். பொய் எழுதிப் பட்டது போதும்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஓலையும் தொண்டும் ஊறிய சாயம், அந்த ஊறலில் வளர்ந்த கிருமி. விஷம் ஒன்றும் இல்லை. தொட்டியை அடைத்து, கிணற்றை இரண்டு தடவை மோட்டார் வைத்து இறைத்து, மருந்து போட்டார்கள். மறுபடி எடுத்த தண்ணீர் குடிக்கலாம் என்று தாள் வந்த அன்று, அதே 6.40 பேருந்தில் போனேன். இந்தத் தடவை வீட்டுக்குள் போனேன்.

கோமதி பிள்ளைக்குத் தண்ணீர் மொண்டாள். பொறு என்றேன். தாளில் எழுதியதை மட்டும் நம்ப எனக்கு மனது வரவில்லை, தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். முதலில் நான் இரண்டு செம்பு குடித்தேன். பகவதி வந்து, "எனக்கும் தாருங்க மைனி, ஒத்தைக்கு என்னத்துக்கு?" என்று செம்பை வாங்கி அவளும் குடித்தாள். அன்று அங்கேயே தங்கினேன். காலையில் இரண்டு பேருக்கும் வயிறு சுகமாக இருந்தது. ஏழு மணிக்குப் பேத்தி அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டாள்.