கலப்பு

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர் அவர். நெடிய உடம்பு, நரைத்த மீசை. பழமானாலும் பச்சைத் தண்ணீரானாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

ஒரு மாலை இரண்டு ஸ்காட்ச் பாட்டில்களை என் முன்னால் வைத்தார். "துபாய்லருந்து அந்தப் பய குடுத்தனுப்பிருக்கான். என்ன போட்டிருக்கு, படிங்க தம்பி."

"இது சிங்கிள் மால்ட்டுங்கய்யா. ஒரே ஆலையில பார்லிய மட்டும் வச்சுக் காய்ச்சுனது. அது பிளெண்டட், பல ஆலைச் சரக்கச் சேத்தது."

"அப்ப அது கலப்பு."

சொன்னதும் அவர் முகம் இருண்டது. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ஒரே மகளைப் படியேற விடாதவர் அவர். அவள் போன வருடம் துபாயிலேயே இறந்துபோனாள். அவள் போன பிறகும் அவள் புருஷன் இவருக்கு அனுப்புகிறான்.

இரண்டையும் முகர்ந்து, ஒவ்வொரு வாய் குடித்தார்.

"ஒத்தையா வந்தது என்னைய மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது தம்பி. கலப்பு எம்புட்டுப் பதமா எறங்குது."

கலப்பிலேயே இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டார்.

"மாப்பிள்ள அங்கன ஒத்தையில என்ன செய்றாகளோ" என்றார்.

அத்தனை வருடமும் அவருக்கு அவன் 'அந்தப் பய'தான். இந்த ஒரு மரியாதைச் சொல்லுக்காகக் காத்துக் கிடந்தவள், அதைக் கேட்க இல்லை.