படங்குக்குள் ஆடிய கால்கள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் பதுளைக்கு வெட்கத்தோடு நடந்துகொண்டிருந்தேன். அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்கச் சொல்லி வாயாடியான என்னைத்தான் முன்னே தள்ளினார்கள். தோட்டத்தை நடத்தும் துரையைக் கண்டதும் எனக்கு நாக்கு எழவில்லை. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி முன்னே வந்து, குரல் நடுங்காமல் கேட்டாள். துரை சம்மதித்தார்.

கிளம்பும்போது அவளிடம், “பயமா இல்லையாக்கா?” என்றேன்.

“இல்லாம? காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. நல்லவேள, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கு மறைச்சிருச்சு. காலு பாட்டுக்கு ஆடட்டும், பேசுறது வாய்தானே தம்பி?”

அவள் பேசியதைவிட, இதை ஒளிக்காமல் சொன்னதுதான் வழிநெடுக மனதில் நின்றது.

மறுநாள் காலை பதுளை பஸ் நிலையத்தில், ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். கால்கள் ஆடின. “மொனராகலை! மொனராகலை!” என்று கத்தினேன்.