அப்பா விட்டொழித்த விக்கிரகம்

எங்கள் அப்பா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லவை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள் உறவினர்கள். ஆனால், தாம் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அப்பா என்னிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அப்பா. பத்தொன்பது வயதில் பெங்களூரு வந்து, தொழிற்சாலையில் லேத் ஓட்டி, ஆஸ்டின் டவுனில் குடும்பத்தை ஊன்றினார். ஆலயக் கமிட்டியில் நெடுங்காலம் இருந்தார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

நான் திருமணம் செய்ய விரும்பியவர் அதே ஆலயத்தில் வளர்ந்தவர். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அவருடைய தந்தையும் அப்பாவும் பல வருடங்கள் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுத்தவர்கள். இருந்தும் அப்பா சொன்னார்: "கோயில்ல ஒண்ணா உக்காருறது வேற, பொண்ணு குடுக்கறது வேற. அவங்க ஆளுங்க வேற."

ஆலயத்தில் எங்கள் திருமணம் நடந்தபோது அப்பா வரவில்லை. அம்மா மட்டும் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அதன்பின் இரண்டு வருடம் அப்பா என்னுடன் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தம் வீட்டில் நடத்திவந்த ஜெபக் கூட்டத்தில் அப்பா, 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்ற முதல் கட்டளையைப் பற்றிப் பேசினாராம். "சிலை வச்சாதான் விக்கிரகமா? அவங்கவங்க மனசுல இருக்கறத சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ஒருவர் செல்போன் என்றார். ஒருவர் நகை என்றார். கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாத அம்மா அன்று கேட்டார்: "உங்களோடது என்னங்க? எதுக்காக நம்ம பொண்ண வேணாம்னீங்களோ, அதுதானே?"

அப்பாவால் முடிவு ஜெபம் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் அவர் கூட்டம் நடத்தவில்லை.

நான்காவது சனிக்கிழமை காலை, மாமனார் வீட்டில் நான் இருந்தபோது வாசலில் அப்பா நின்றார். அத்தனை வருடங்களில் அந்தப் படி ஏறாதவர்.

"வாங்க சார்" என்றார் மாமனார்.

"சார் வேணாம், சம்பந்தி. ஆண்டவர் பேரச் சொல்லிக்கிட்டு சாதியத்தான் கும்பிட்டுட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

மாமனார் கதவை முழுதாகத் திறந்தார். "மன்னிச்சிட்டேன்னு சட்டுனு சொல்ல வரல. மொதல்ல உள்ள வந்து சாப்பிடுங்க" என்றார். அப்பா சாப்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கை கழுவும்வரை ஆயிற்று. பிறகு என் தலையில் கை வைத்து அழுதார்.

அந்த விக்கிரகம் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. என் மகளின் ஞானஸ்நானத்தன்று அப்பா உறவினர்களிடம் மாமனாரை, "நம்ம கோயில்காரர்" என்று மட்டும் அறிமுகப்படுத்தினார். மாமனாரின் முகம் வாடியதை அவரே கண்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆயரிடம் அனுமதி கேட்டு முன்னே போய், "இவர் என் சம்பந்தி. இத சொல்ல வெக்கப்பட்டது என் பாவம்" என்றார்.

வெளியே வந்ததும் சித்தப்பா கொதித்தார்: "எல்லார் முன்னாடியும் ஏண்ணா மானத்த வாங்கற?"

"எல்லார் முன்னாடியும்தானே கும்பிட்டேன்? விடறதும் எல்லார் முன்னாடியும்தான்."

அதன்பின் சில வீடுகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. அப்பாவுக்கு வருத்தம் இருந்தது; ஆனால் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

நுரையீரல் நோயில் அப்பா படுத்த நாலு மாதமும் மாமனார் தினமும் வந்து வேதம் வாசித்தார். "மன்னிச்சிட்டேன், சம்பந்தி" என்று அவர் சொன்னது அந்த நாள்களில் ஒன்றில்தான். அப்பா அவர் கையை விடவே இல்லை.

எங்களைத் தாங்கிய ஆயருக்கும், மருத்துவர், செவிலியருக்கும், தெருவாருக்கும், சபையாருக்கும் நன்றி. அடக்கத்துக்கு வராத உறவினர்களுக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறோம். நீங்கள் எப்போது வந்தாலும் வரவேற்போம். என் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன சாதி என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. எங்களைக் கேட்பவர்களுக்குச் சொல்லப்போவதும் இல்லை.